மூன்று எபிசோட் தொலைவு

செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெத்சு, ஷிட்சுகே. திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்சாலைகளில் பயிற்சியாளராகச் சேரும் பிள்ளைகள் பலர் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யும் ஐந்து ஜப்பானியச் சொற்கள் இவை. வேண்டாததைப் பிரி, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, துடை, அந்த நிலையைக் காப்பாற்று, பழக்கமாக்கு. ‘ஃபைவ் எஸ்’ என்ற பெயரில் சுவரில் தொங்கும் பலகை அது. கைசன், கன்பான், போகாயோகே என்று இன்னும் சில சொற்களும் ஷாப் ஃப்ளோரில் தமிழ்ச் சொற்களைப் போலவே புழங்குகின்றன. ஷிப்ட் முடிந்து வெளியே வந்து போனைத் திறந்தால் இன்னொரு வரிசை வருகிறது: நகாமா, சென்செய், செம்பாய், அரிகாதோ. முதல் வரிசையைச் சொல்லிக்கொடுக்க நிறுவனம் ஆள் வைத்திருக்கிறது. இரண்டாவது வரிசையைச் சொல்லிக்கொடுத்தது அனிமே.

இந்த மாவட்டத்துக்கும் ஜப்பானுக்கும் உள்ள தொடர்பு நேற்று முளைத்ததல்ல. 1998இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷியின் லான்சர் காரைத் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு பஜேரோவும் அங்கிருந்தே வந்தது. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் பெருவாயலில் மகிந்திராவும் ஜப்பானின் சுமிடோமோ கார்ப்பரேஷனும் சேர்ந்து உருவாக்கிய ‘ஆரிஜின்ஸ்’ தொழிற்பூங்காவில் யன்மார் எஞ்சின் ஆலை வந்தது. அதே வளாகத்தில் ஏ.சி.யும் கம்ப்ரஸரும் தயாரிக்க மிட்சுபிஷி எலெக்ட்ரிக் 2023 மே மாதம் தமிழ்நாடு அரசோடு 1,891 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. ரத்த அழுத்தமானி செய்யும் ஆலைக்காக ஓம்ரான் ஹெல்த்கேர் 128 கோடி ரூபாய்க்கு ஒப்புக்கொண்டதும் அதே மாதம்தான். எல்லை தாண்டினால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி. அங்கே இசுசூ, கோபெல்கோ, டெய்கின்.

ஜப்பானியர் வடிவமைத்த பொருளை இங்குள்ள கைகள் பகலெல்லாம் செய்கின்றன. அந்தக் கைகளே இரவில் ஜப்பானியர் வரைந்த கதையைத் தேடுகின்றன. காசில்லாமல், அதே சமயம் யாருடைய உழைப்பையும் திருடாமல், அந்தக் கதையை இங்கிருந்து பார்க்க முடியுமா என்பதே என் கேள்வி. தேடிப் பார்த்ததில் கிடைத்த விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியும். பலர் நினைப்பதைவிட நிறையவே பார்க்க முடியும். ஆனால் அந்த நேர்வழியில் தமிழ் மிகக் குறைவு. நம் பிள்ளைகளைத் திருட்டுப் பிரதியின் பக்கம் தள்ளுவதில் விலையைவிட மொழிக்கே பங்கு அதிகம் என்று நம்புகிறேன்.

சென்னை சென்ட்ரல் புறநகர் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி ஏறத்தாழ 48 கிலோமீட்டர். எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நின்று நின்று ரயில் போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அனிமே எபிசோட் ஒன்று சுமார் 24 நிமிடம் ஓடும். 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசூகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கி நிலைநிறுத்திய அரைமணி நேரக் கட்டம் அது. விளம்பரம் போக மிஞ்சுவது 24 நிமிடம். தொடக்கப் பாட்டு ஒன்றரை நிமிடம், முடிவுப் பாட்டு ஒன்றரை நிமிடம். ஆக, சென்ட்ரலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே மூன்று எபிசோட் தொலைவு. இந்த வண்டியில் போய்வரும் பிள்ளைகள் பயணத்தை அப்படித்தான் அளக்கிறார்கள்.

பக்கத்து இருக்கைப் போனைக் கவனிப்பது நாகரிகமில்லை என்று தெரிந்தும் கவனித்திருக்கிறேன். தயங்கித் தயங்கிக் கேட்டும் இருக்கிறேன். ஒருநாள் மாலை, ஷிப்ட் முடிந்து சட்டைப்பையில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு தம்பி, டெலிகிராம் குழு ஒன்றில் இறக்கிய தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரசிகர்கள் சிலர் தாங்களே தமிழில் குரல் கொடுத்து ஏற்றிய பிரதி அது. யூடியூபிலேயே உரிமத்தோடு இலவசமாக நிறைய வருகிறதே என்றேன். “தெரியும் சார். அதெல்லாம் இங்கிலீஷ் சப்டைட்டில். படிச்சு முடிக்கறதுக்குள்ள சீன் போயிடுது” என்றார். அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது.

தமிழ்நாட்டில் ‘காசில்லாமல் படம்’ என்றதும் மனம் உடனே ‘திருட்டு விசிடி’க்குப் போய்விடுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. 2004இல் தமிழ்நாடு அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் விற்பவர் ஆகியோரின் வரிசையில் வீடியோ திருடர்களையும் சேர்த்தது. அந்தச் சட்டத்தின் நீண்ட பெயரின் கடைசிச் சொற்களாக இன்றும் அவர்கள் நிற்கிறார்கள். பிறகு தட்டு போய் இணையதளம் வந்தது. பர்மா பஜார் பேச்சு குறைந்து தமிழ்ராக்கர்ஸ் பேச்சு வந்தது. இருபது ஆண்டுகளாக இந்தப் பேச்சிலேயே வளர்ந்த தலைமுறை, இலவசம் என்றால் களவு, காசு கொடுத்தால் நேர்மை என்று இரண்டே அறைகளாக உலகைப் பிரித்துவைத்திருக்கிறது. உரிமையாளரே மனமுவந்து இலவசமாகத் தரும் மூன்றாவது அறை ஒன்று உண்டு என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

அந்த அறை எப்படி வந்தது என்று புரிய, அனிமேயின் உரிமை எப்படித் துண்டு போடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஜப்பானில் பெரும்பாலான தொடர்களுக்கு ஒற்றை முதலாளி கிடையாது. மூலக்கதையை வெளியிட்ட பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் எல்லாம் பங்கு போட்டுத் ‘தயாரிப்புக் குழு’ ஒன்றை அமைக்கின்றன. படத்தை வரையும் ஸ்டுடியோ பல சமயம் இந்தக் குழுவில் பங்காளியாகக்கூட இருப்பதில்லை. கூலிக்கு வரைந்து கொடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். வெளிநாட்டு உரிமையைக் குழு நிலம் பிரிப்பதுபோல் பிரித்து விற்கிறது. வட அமெரிக்கா ஒருவருக்கு, ஐரோப்பா இன்னொருவருக்கு, தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும் வேறொருவருக்கு. நம் பகுதிக்கான உரிமையை அடிக்கடி வாங்குபவர்களில் தைவானின் மியூஸ் கம்யூனிகேஷனும் ஹாங்காங்கின் மீடியாலிங்கும் முக்கியமானவர்கள். ‘மியூஸ் ஏஷியா’, ‘மியூஸ் இந்தியா’ என்ற யூடியூப் சேனல்கள் முன்னவருடையவை. ‘அனி-ஒன் ஏஷியா’ பின்னவருடையது.

இணையத்தில் ‘அனிமேயைச் சட்டப்படி இலவசமாகப் பார்க்கும் வழிகள்’ என்று தேடுபவருக்கு முதலில் கிடைப்பது அமெரிக்க வாசகருக்காக எழுதிய பட்டியல்தான். அதில் டூபி இருக்கும், புளூட்டோ டி.வி. இருக்கும். கும்மிடிப்பூண்டியில் அவை திறக்கா. இருப்பிடத்தை மறைக்க வி.பி.என். போட்டுத் திறக்கலாம் என்று நண்பர் யாராவது சொல்லித்தருவார். அது இன்னொரு நாட்டுக்காகக் கொடுத்த உரிமத்தை இங்கிருந்து எடுத்துக்கொள்வது. அந்தச் சேவைகளின் விதிமுறைகளே அதை ஏற்பதில்லை. பட்டியலைப் பார்த்துச் சலித்த பையன் ‘சட்டப்படியெல்லாம் நமக்கு ஒண்ணும் கிடைக்காது’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறான். உண்மையில் நிலைமை தலைகீழ். ஆசிய உரிமையாளர்கள் யூடியூபில் இலவசமாக விடும் பல தொடர்களை அமெரிக்காவில் இருப்பவர் அதே சேனலில் பார்க்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் முகவரி வரம்.

மியூஸும் அனி-ஒன்னும் ஜப்பானில் ஒளிபரப்பாகும் காலத்திலேயே புதுத் தொடர்களின் எபிசோட்களை வாரம் ஒன்றாக வெளியிடுவதுண்டு. ‘ஸ்பை ஃபேமிலி’ போன்ற பெரும்பெயர் பெற்ற தொடர்களும் மியூஸ் வழியாக யூடியூபுக்கு வந்திருக்கின்றன. குரல் ஜப்பானியம், எழுத்து பெரும்பாலும் ஆங்கிலம். சில தொடர்கள் கொஞ்ச காலத்துக்கு மட்டும் இருந்துவிட்டு எடுக்கப்படும். சில பின்னர் உறுப்பினர் கட்டணத்துக்குள் போகும். ‘கண்டம்’ இயந்திர மனிதர் கதைகளுக்கென்று கண்டம் இன்ஃபோ என்ற சேனலும் அந்தந்த நாட்டு உரிமையைப் பொறுத்துப் பழைய தொடர்களை அவ்வப்போது திறந்துவிடுகிறது. போகிமானுக்குத் தமிழிலேயே அதிகாரப்பூர்வ யூடியூப் சேனல் உண்டு. இலவசம், உரிமம், தமிழ் மூன்றும் ஒன்றுசேரும் அரிய இடம் என்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன். குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தமிழ்க் குரலோடு இலவச அனிமே தர முடியும் என்பதற்குக் கண்ணெதிரே உள்ள சான்று அது.

யூடியூபில் இருப்பதெல்லாம் உரிமம் உள்ளது என்றும் எண்ணிவிடக் கூடாது. திருட்டாக ஏற்றுபவர்களைக் கண்டுபிடிக்க யூடியூப் 2007 முதல் ‘கண்டென்ட் ஐடி’ என்ற தானியங்கி முறையை வைத்திருக்கிறது. அதன் கண்ணில் மண்ணைத் தூவ அவர்கள் செய்யும் வேலைகளே அவர்களைக் காட்டிக்கொடுக்கும். படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருக்கும்; வாளை எல்லோரும் இடக்கையில் பிடித்திருப்பார்கள். படத்தைச் சுற்றிப் பூவேலைச் சட்டம் இருக்கும். குரல் கொஞ்சம் கீச்சென்று வேகமாக ஓடும். உரிமம் பெற்ற சேனலில் இந்தக் கோணல்கள் எதுவும் இருக்காது. விளக்கப் பகுதியில் தயாரிப்புக் குழுவின் பெயரோடு பதிப்புரிமை வரி இருக்கும். எந்தெந்த நாடுகளில் பார்க்கலாம் என்ற குறிப்பும் பல சமயம் இருக்கும். அந்த வரியைத் தேடும் பழக்கம் வந்துவிட்டால் வேறு பாடம் தேவையில்லை.

யூடியூபுக்கு வெளியே உள்ள ஓர் இடத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். எனக்கு இந்தத் தேடலில் கிடைத்த பெரும் பரிசு அதுதான். ஜப்பானிய அனிமேஷனின் நூற்றாண்டான 2017இல் அந்நாட்டின் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் ஓர் இணையதளத்தைத் திறந்தது. 1917 முதல் 1941 வரை எடுத்த 64 படங்களை உலகத்தில் யாரும் எங்கிருந்தும் பணம் கட்டாமல் பார்க்கும்படி அதில் வைத்தது. ஆங்கிலத் துணையெழுத்தும் போட்டது. அவற்றில் ஒன்று ஜுனிச்சி கோவுச்சி 1917இல் எடுத்த ‘நமாகுரா கத்தானா’. மழுங்கின வாள் என்று பொருள். சில நிமிடங்களே ஓடும் மௌனப் படம். அசட்டு சாமுராய் ஒருவன் கடையில் வாள் வாங்குகிறான். அதன் கூர்மையைச் சோதிக்க வழியில் போகிறவர்களை வெட்டப் பார்க்கிறான். அடிவாங்குவது அவன்தான். இந்தப் படம் அழிந்தேபோனது என்றுதான் பல பத்தாண்டுகளாக நம்பியிருந்தார்கள். பிறகு நத்சுகி மத்சுமோட்டோ என்ற ஆய்வாளர் ஒசாகாவின் பழம்பொருள் சந்தையில் கிடந்த ஒரு சுருளிலிருந்து அதை மீட்டார். காயலாங்கடையில் கிடைத்த ஒரு நாட்டின் தொடக்கப் பக்கம்.

அதே தளத்தில் நொபுரோ ஓஃபுஜியின் படங்களும் இருக்கின்றன. சியோகாமி என்ற பூவேலைக் காகிதத்தைக் கத்தரித்து, துண்டு துண்டாக நகர்த்திப் படமெடுத்தவர் அவர். தோல்பாவைக் கூத்து பார்த்த கண்ணுக்கு ஓஃபுஜி அந்நியராகத் தெரியமாட்டார். வெட்டிய உருவத்துக்கு உயிர் கொடுக்கும் அதே கைவேலை. இந்தப் படங்கள் சில நிமிடங்களே ஓடுபவை, பேச்சும் மிகக் குறைவு. மொழிச் சுவர் உயரம் குறைந்த இடம். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே ஒன்று பார்த்துவிடலாம். ஜப்பான் ஃபவுண்டேஷன் 2024இல் தொடங்கிய ஜே.எஃப்.எஃப். தியேட்டர் என்ற இலவசத் தளத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். அதில் அனிமேயைவிட மனிதர் நடித்த படங்களே அதிகம்.

இனி காசுக் கணக்கு. இலவசமாகப் பார்க்கும்போது வரைந்தவருக்கு என்ன போகிறது? யூடியூப் விளம்பரத்தில் வரும் பணத்தில் ஒரு பங்கு உரிமம் வாங்கியவருக்குப் போகும். அதை நம்பித்தான் அவர் அடுத்த தொடருக்கு விலை பேசுகிறார். இந்தியப் பார்வையாளர் ஒருவரால் வரும் விளம்பரப் பணம் சிறிதுதான். ஆனால் எத்தனை பேர், எந்த நாட்டில், எந்தத் தொடரைப் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை தயாரிப்புக் குழுவின் மேசைக்குப் போகிறது. டெலிகிராமில் பார்த்த பத்தாயிரம் பேர் அந்தக் கணக்கில் யாருமே இல்லை. இந்தத் தொடரைத் தமிழில் பார்க்க ஆள் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டிய இடத்தில் தெரியாமலே போகிறது. திருட்டுப் பிரதியால் நமக்கு நேரும் மிகப் பெரிய இழப்பாக நான் இதைத்தான் பார்க்கிறேன்.

வரைபவரின் நிலைமையை நினைத்தால் மனம் கனக்கிறது. ஜப்பான் அனிமேஷன் சங்கத்தின் கணக்குப்படி 2023இல் அனிமே சந்தையின் அளவு சுமார் 3.35 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வந்தது. மறுபக்கம், அனிமேஷன் கலைஞர்களின் அமைப்பான ஜானிகா 2015இல் வெளியிட்ட ஆய்வில், அசைவுகளுக்கு இடையிலான படங்களை வரையும் கடைநிலைக் கலைஞரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென்தான் இருந்தது. டோக்கியோ போன்ற ஊரில் அதை வைத்துக்கொண்டு வாடகை கொடுக்கவே திணற வேண்டும். இந்தக் கீழ்விலைக்கு வேர் ‘ஆஸ்ட்ரோ பாய்’ காலத்திலேயே இருக்கிறது என்பார்கள். தொலைக்காட்சியில் இடம் பிடிக்க வேண்டும் என்று தெசூகா தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்குத் தொடரை விற்றார். அடுத்து வந்தவர்களிடமும் அதே விலை கேட்கப்பட்டது. பீஸ் ரேட்டுக்கு உழைப்பதும், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே கான்ட்ராக்டர் நிற்பதும் எப்படியிருக்கும் என்று சிப்காட் தொழிற்பேட்டையில் யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். அந்தக் கலைஞரும் இந்தப் பார்வையாளரும் ஒரே மாதிரிக் கூலிக்காரர்கள்.

திருட்டுப் பிரதியின் சேதத்துக்குத் தொழில்துறை ஒரு கணக்கு சொல்கிறது. கோடா என்ற ஜப்பானிய அமைப்பின் மதிப்பீட்டில், 2022இல் ஜப்பானியப் படைப்புகளின் இணையத் திருட்டால் நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 2 லட்சம் கோடி யென். இதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. திருட்டாகப் பார்த்தவரெல்லாம் அது கிடைக்காவிட்டால் காசு கொடுத்து வாங்கியிருப்பார் என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. கான்ட்ராக்ட் சம்பளத்தில் ஊருக்குப் பணம் அனுப்பியது போக மிச்சத்தில் வாழ்கிறவருக்கு அது பொருந்தாது.

ஆனால் இழப்பு பார்ப்பவர் பக்கமும் இருக்கிறது. அதை யாரும் கணக்கெடுப்பதில்லை. திருட்டுத் தளங்கள் தர்மத்துக்கு நடப்பவை அல்ல. படத்தைத் தொட்டால் முதலில் திறப்பது பந்தய விளம்பரம், இரண்டாவது தொடுதலில் சூதாட்டச் செயலி, மூன்றாவதில் எங்கிருந்தோ வரும் ஏ.பி.கே. கோப்பு. ஆன்லைன் சூதாட்டத்தில் பணமும் உயிரும் போன வீடுகளைக் கண்டுதான் தமிழ்நாடு அரசு 2022இல் அதற்குத் தனிச்சட்டமே கொண்டுவந்தது. பதினெட்டு வயதில் முதல் சம்பளம் வாங்கி, வீட்டைவிட்டுத் தள்ளி ஐந்து பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளையின் போனில் அந்த விளம்பரம் நள்ளிரவில் மின்னுவதை நினைத்தால் எனக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவுகள்கூட இரண்டாம்பட்சமாகத் தோன்றுகின்றன. அந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், பெயர் மாற்றி மாற்றி முளைக்கும் திருட்டுத் தளங்களை ஒவ்வொரு முறையும் புது வழக்கு போடாமலே முடக்க வழிசெய்தது. தளங்களை முடக்கலாம்; தமிழில் பார்க்கும் ஆசையை முடக்க முடியாது.

ரசிகர் டப்பிங் செய்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களைக் குற்றவாளிகள் என்று ஒரே வீச்சில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. இன்று உலகின் மிகப் பெரிய அனிமே தளமான கிரஞ்சிரோலின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர்கள் தொடங்கியது. ரசிகர்கள் தாங்களே மொழிபெயர்த்த படங்களை உரிமமில்லாமல் ஏற்றிய தளம்தான் அது. 2009 ஜனவரியில் டிவி டோக்கியோவோடு ஒப்பந்தம் போட்டு நேர்வழிக்கு வந்தது. 2021இல் சோனியின் ஃபனிமேஷன் அதை 117 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. ரசிகர்கள் இரவு கண்விழித்து மொழிபெயர்த்ததால்தான் இப்படி ஒரு சந்தை இருப்பதே ஜப்பானியருக்குத் தெரிந்தது. தமிழில் இன்று திருட்டாகக் குரல் கொடுக்கும் இளைஞர்களில் நாளைய மொழிபெயர்ப்பாளர்களும் குரல் கலைஞர்களும் இருக்கிறார்கள். உரிமம் வாங்கும் நிறுவனங்கள் அவர்களைத் தேடிப்பிடித்து வேலை கொடுக்க வேண்டும். அது நடக்கும்வரை அவர்கள் ஏற்றுவது பிறர் சொத்துதான். அதையும் மறைக்கக் கூடாது.

கிரஞ்சிரோல் 2022இல் இந்தியாவுக்கென்று மாதக் கட்டணத்தை 79 ரூபாய் வரை குறைத்தது. பின்னர் தமிழ், தெலுங்கு டப்பிங்கும் தரத் தொடங்கியது. ‘சோலோ லெவலிங்’ தமிழ் பேசியது அப்படித்தான். ஆனால் அதே 2022இல் புதுத் தொடர்களை விளம்பரத்தோடு இலவசமாகப் பார்க்கும் வசதியைப் பெரிதும் குறைத்தது. 2025 டிசம்பர் 31 உடன் விளம்பரத்தோடு கூடிய இலவசக் கதவை முழுவதுமே மூடியது. கவனித்துப் பாருங்கள்: தமிழ் உள்ளே வந்த இடத்தில் இலவசம் வெளியே போனது. இலவசம் இருக்கும் யூடியூபிலோ பெரும்பாலும் ஆங்கில எழுத்து. இந்த இடைவெளியில்தான் டெலிகிராம் உட்கார்ந்திருக்கிறது.

தமிழுக்குக் கிராக்கி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1993இல் தூர்தர்ஷன் ‘ஜங்கிள் புக்’ தொடரை ஒளிபரப்பியபோது அது நிப்பான் அனிமேஷன் வரைந்தது என்று நமக்குத் தெரியாது, குரல் இந்தி. புரியாத இந்தியில் மௌக்லியைப் பார்த்துப் படத்தை மட்டும் வைத்துக் கதையை ஊகித்த தலைமுறை என்னுடையது. பிறகு தொலைக்காட்சியில் ஷின்சான் தமிழ் பேசினான். 2022இல் ‘சோனி யே’ சேனல் ‘நருட்டோ’வைத் தமிழிலும் கொண்டுவந்தது. யூகோ சாகோவும் ராம் மோகனும் சேர்ந்து உருவாக்கிய ஜப்பானிய ராமாயணப் படம் 2025 ஜனவரியில் திரையரங்குக்கு வந்தபோது தமிழ்க் குரலும் கேட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்’ ஜப்பானியம், ஆங்கிலம், இந்தியோடு தமிழிலும் தெலுங்கிலும் வெளியானது. காசு வரும் என்று தெரிந்த இடத்திலெல்லாம் தமிழ் வந்துவிடுகிறது. டப்பிங்குக்கு ஸ்டுடியோ, கலைஞர்கள், நல்ல மைக் எல்லாம் வேண்டும். யூடியூபின் மெலிந்த விளம்பர வருமானம் அதைத் தாங்காது என்று நிறுவனங்கள் சொன்னால் ஏற்கலாம். துணையெழுத்துக்கு அந்தச் செலவு கிடையாது. ஆங்கில எழுத்து ஏற்கெனவே நேரம் குறித்துத் தயாராக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் தமிழ் வரியை வைக்க, மொழி தெரிந்த ஒருவரின் சில மணி நேர உழைப்பு போதும். யூடியூப் ஒரே படத்துக்குப் பல மொழி எழுத்தைத் தாங்கும்.

ஜப்பானிய மொழி கற்கும் ஆர்வமும் இங்கே வளர்கிறது. சென்னையில் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் பல்லாண்டுகளாக ஜப்பானியம் சொல்லித்தருகிறது, ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வும் இங்கே நடக்கிறது. ஜப்பானியத்திலும் தமிழிலும் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ஜப்பானியக் குரலோடு தமிழ் எழுத்தை ஓடவிட்டால், ஆங்கில எழுத்தில் கிடைக்காத ஒரு பொருத்தம் காதுக்கும் கண்ணுக்கும் கிடைக்கும். இந்த மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் ஜப்பானிய நிறுவனங்கள், சென்னையிலுள்ள ஜப்பானியத் துணைத் தூதரகம், இந்த மொழிப் பள்ளிகள் மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு ஐந்து தொடருக்குத் தமிழ்த் துணையெழுத்து போட முன்வந்தால் அந்தச் செலவு ஆலைகளின் கணக்கில் பெரிதாகத் தெரியாது. இது என் ஆசை மட்டுமல்ல, கோரிக்கை.

டேட்டா கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் 24 நிமிடம் ஓடும் எபிசோட் 180 மெகாபைட் தின்னும். நாளுக்கு ஒன்றரை ஜி.பி. பேக் போட்டவர் அந்த வேகத்தில் எட்டு எபிசோட் பார்க்கலாம். ரயில்டெல் நிறுவனம் ஆயிரக்கணக்கான நிலையங்களில் தரும் ரயில்வயர் வைஃபையில் நாளுக்கு முதல் 30 நிமிடம் இலவசம். வேகம் அதே 1 மெகாபிட். 24 நிமிடக் கதைக்கு 30 நிமிடம் தாராளம். வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் முடித்துவிடலாம் என்று அந்தத் தம்பியிடம் நான் உற்சாகமாகச் சொன்னேன்.

மறுபடி பார்த்தபோது, செய்துபார்த்ததாகச் சொன்னார். நடைமேடையில் உட்கார்ந்து உரிமம் பெற்ற சேனலிலேயே பார்த்திருக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் படத்தை நிறுத்தி, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, மறுபடி ஓடவிட்டிருக்கிறார். 30 நிமிடம் முடிந்து வைஃபை நின்றபோது கதை பதினேழாவது நிமிடத்தில் இருந்தது.